மணமூட்டிய இரையும் உயிர் இரையும்

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் பண்ணைக் குளங்களிலும் தூண்டில் பழகுகிற குழந்தை முதன்முதலில் கரையில் இழுத்துப் போடுவது பெரும்பாலும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு மீனாக இருக்கும். பொரிக்கும் சட்டியில் முழுசாக அடங்கிவிடும் அளவு என்பதால் இத்தகைய மீன்களைப் பான்ஃபிஷ் என்று அங்கே பொதுவாக அழைக்கிறார்கள். சமையலறையிலிருந்து வந்த இந்தத் தொகுப்பில் விலங்கியலார் தனித்தனியாக வைத்த இரண்டு குடும்பங்கள் கலந்து கிடக்கின்றன. புளூகில், பம்ப்கின்சீட், ரெட்இயர் என்ற சன்ஃபிஷ் வகைகள், கருப்பும் வெள்ளையுமாக இரண்டு கிராப்பிகள், ராக் பாஸ் ஆகியவை சென்ட்ரார்க்கிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் பெர்ச் பெர்சிடே குடும்பத்து மீன். இவற்றுள் மிகப் பரவலாகக் கிடைப்பது புளூகில். வழக்கமாக 15 முதல் 20 சென்டிமீட்டர்வரை வளரும். 1950இல் அலபாமா மாநிலத்தின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட 4 பவுண்டு 12 அவுன்ஸ் மீனின் எடையை இதுவரை வேறொரு புளூகில் எட்டவில்லை.

இந்த மீன்களுக்கு உயிருள்ள புழு, பூச்சி, சிறுமீன் ஆகியவற்றைப் போடுவதா, மணமும் சுவையும் சேர்த்துச் செய்த செயற்கை இரையைப் போடுவதா என்பது அமெரிக்கத் தூண்டில்காரர்களிடையே ஓயாத வழக்கு. எதில் மீன் அதிகம் விழும் என்ற ஒரே கேள்வியாகவே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. மீனின் எந்தப் புலனில், எவ்வளவு தொலைவில், எத்தனை நொடிக்கு ஓர் இரை வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வழக்கின் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும்.

உயிர் இரைகளில் முதலிடம் மண்புழுவுக்கு. நைட்கிராலர் எனப்படும் பெரிய மண்புழு மெதுவாக வளர்ந்து மெதுவாகப் பெருகும். அதனால் பண்ணையில் வளர்ப்பது கட்டுப்படியாவதில்லை. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி கனடாவின் தென்மேற்கு ஒன்டாரியோ வயல்களில், ஈரமான இரவுகளில், விளக்கு கட்டிக்கொண்டு குனிந்தபடி நடக்கும் தொழிலாளர்கள் கையால் பொறுக்கியது. சிவப்பு மண்புழுவான ஐசீனியா ஃபெடிடாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சாணத்திலும் மக்கும் கழிவிலும் அது எளிதாகப் பெருகும். தமிழ்நாட்டில் மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் இனங்களில் இதுவும் ஒன்று. புளூகிலின் சிறிய வாய்க்கு நைட்கிராலரில் ஒரு துண்டு போதும். சிவப்புப் புழுவை முழுதாகவே கோக்கலாம்.

உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிப்பவர்கள் மெழுகுப்புழுவை நாடுகிறார்கள். அது தேன்கூட்டைத் துளைத்து நாசமாக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுப்பருவம். தேனீ வளர்ப்பவர்களுக்கு எந்த நாட்டிலும் அது எதிரி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சில்வண்டும், கிராப்பிக்கும் பெர்ச்சுக்கும் ஃபேட்ஹெட் மின்னோ என்ற கெண்டை வகைச் சிறுமீனும் வழக்கத்தில் உள்ளன. தெற்கில் கட்டால்பா மரத்தை அதன் இலை தின்னும் புழுவுக்காகவே நட்டு வளர்த்தவர்களும் உண்டு. அந்தப் புழுவின் ஒரு முனையைக் கிள்ளிவிட்டு, தீக்குச்சியால் தள்ளி உள்புறம் வெளியே வரும்படி திருப்பி முள்ளில் மாட்டுவார்கள். சாறு நீரில் இறங்கினால் மீன் விடாது என்பது அவர்கள் கணக்கு. பின்னாளில் ஆய்வகங்கள் எடுத்துக்கொண்ட கேள்வியும் ஏறத்தாழ அதுவே.

செயற்கை இரையின் வரலாறு மணத்தோடு தொடங்கவில்லை. 1949இல் ஒஹாயோவின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கில் மண்புழுவை வார்த்தார். வடிவமும் நெளிவும் மட்டுமே அதன் சரக்கு. பிறகு பிளாஸ்டிக்கில் உப்பைக் கலந்தார்கள். சோம்பு எண்ணெயும் பூண்டு மணமும் வந்தன. மீனின் சுவைப்புலனை முறையாகச் சோதித்துச் செய்த இரை பெரிய அளவில் கடைக்கு வந்தது 1988இல், பவர்பெய்ட் என்ற பெயரில். அதை வெளியிட்ட பெர்க்லி நிறுவனம், 1937இல் அயோவாவின் ஸ்பிரிட் லேக் ஊரில் பெர்க்லி பெடெல் என்ற பள்ளி மாணவர் பூச்சி வடிவத் தூண்டில்களைக் கட்டி விற்றதில் தொடங்கியது. அவர் பின்னாளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினராக இருந்தார். மீன் இந்த இரையை 18 மடங்கு அதிக நேரம் பிடித்திருக்கும் என்பது நிறுவனத்தின் நெடுநாள் விளம்பரம். விளம்பர எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்குறுதி எதைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. மீனைத் தொலைவிலிருந்து அழைத்து வரும் என்று அது சொல்லவில்லை. வாயில் போட்டதைத் துப்பாமல் வைத்திருக்கும் என்றுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் அளவுக்கு வாங்குபவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

புளூகில் முதன்மையாகக் கண்ணால் வேட்டையாடும் மீன். சிறிது தூரம் நீந்தும், அசையாமல் மிதந்து சுற்றிலும் நோட்டமிடும், ஒன்றும் தென்படாவிட்டால் மறுபடி நகரும். ஏர்ல் வெர்னரும் டொனால்ட் ஹாலும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் புளூகில்களுக்குப் பல அளவு டாஃப்னியா நீர்த்தெள்ளுகளைக் கலந்து கொடுத்தார்கள். இரை குறைவாக இருந்தபோது எதிர்ப்பட்டதையெல்லாம் தின்றன; ஏராளமாக இருந்தபோது பெரியவற்றை மட்டும் பொறுக்கின. மில்லிமீட்டர்க் கணக்கில் இரையின் அளவைக் கண்ணால் எடைபோடும் மீன் இது. அரை கிராம்கூட இல்லாத ஈயத் தலை வைத்த ஜிக் முட்கள் பான்ஃபிஷுக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு இதில் விடை இருக்கிறது. கனமான முள் வேகமாக மூழ்கும். மிதந்து நோட்டமிடும் மீனுக்கு அது ஆராய அவகாசம் தராது.

கண்ணுக்கு அடுத்தது பக்கக்கோட்டு உறுப்பு. செதில்களின் வரிசையில் தலையிலிருந்து வால்வரை ஓடும் இந்த அமைப்பில் உள்ள நுண்ணிய உணர்மயிர்ச் செல்கள் நீரின் மெல்லிய அசைவையும் தாழ்ந்த அதிர்வையும் உணர்கின்றன. அதன் எல்லை குறுகியது. மீனின் உடல் நீளத்தைப்போல் ஓரிரு மடங்குத் தொலைவு. முள்ளில் நெளியும் புழுவோ துடிக்கும் சிறுமீனோ இந்த எல்லைக்குள் இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் புழு அப்படி அனுப்ப வேண்டுமானால் தூண்டில்காரரின் மணிக்கட்டு வேலை செய்ய வேண்டும். தக்கையின் கீழே அசையாமல் தொங்கவிடுவதானால் உயிர் இரைக்கு இருக்கும் முதல் பெரிய சாதகம் இதுதான். மணத்துக்கு இதில் பங்கில்லை.

இனி மணம். மீனின் மூக்கு வாயோடு இணைந்ததன்று. முகத்தின் இரு பக்கமும் உள்ள துளைகளில் முன்துளை வழியே நீர் புகுந்து, மடிப்பு மடிப்பான நுகர்திசுவின்மேல் ஓடிப் பின்துளை வழியே வெளியேறும். மீன்கள் இவ்வாறு முகரும் பொருள்களில் முக்கியமானவை அமினோ அமிலங்கள். லிட்டருக்கு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில மீன்களில் நூறு கோடியில் ஒரு பங்கு செறிவுகூடப் போதும். விலாங்கு போன்ற இரவு வேட்டை மீன்களில் மடிப்புகள் மிக அதிகம். கண்ணை நம்பும் மீன்களில் பொதுவாகக் குறைவு. எப்படியிருந்தாலும் மூக்கில் கோளாறு இல்லை. மணம் மூக்கை வந்து சேர்வதுதான் சிக்கல்.

அசையாத நீரில் கரைந்த பொருள் பரவும் வேகத்தைப் பலரும் மிகையாக எண்ணிக்கொள்கிறார்கள். அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறின் விரவல் கெழு நொடிக்குச் சதுர மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. இதை வைத்துக் கணக்கிட்டால், விரவலால் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கடக்கச் சுமார் எட்டு நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மணி நேரம். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பதால் பத்து சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம். நீர் குளிரக் குளிரப் பாகுத்தன்மை கூடும். 4 டிகிரி செல்சியஸில் விரவல் 25 டிகிரியில் உள்ளதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். பனிக்கட்டிக்கு அடியிலுள்ள அமைதியான நீரில் மணமூட்டிய இரையைத் தொங்கவிட்டு, அதன் மணம் தானே பரவி மீனை இழுத்துவரும் என்று காத்திருப்பதில் இயற்பியல் துணைக்கு வராது.

மணத்தைக் கொண்டுபோவது ஓட்டம். காற்று தள்ளும் மேற்பரப்பு நீர், ஓடையின் இழுப்பு, மீன்களே கிளப்பும் சுழல் ஆகியவை இருந்தால் கதை மாறும். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓட்டமே பத்து சென்டிமீட்டரைப் பத்து நொடியில் கடத்திவிடும். அப்போதும் மணம் சீராகப் பரவாமல் இழை இழையாகக் கிழிந்துதான் போகிறது. அந்த இழைகளைப் பின்தொடர்ந்து மூலத்தைக் கண்டுபிடிப்பது தனித் திறமை. கெளுத்தி இனங்களுக்கு அது உண்டு. அமெரிக்கச் சேனல் கெளுத்தியின் மீசை முதல் வால்வரை உடம்பெங்கும் சுவைமொட்டுகள் பரவியிருக்கின்றன. இருட்டிலும் கலங்கலிலும் அது சுவையைத் தொட்டுத் தொட்டே இரையை அடையும். நாற்றமடிக்கும் பிசைமாவு இரைகள் கெளுத்திக்கு நன்றாக வேலை செய்வது இதனால்தான். அதே தர்க்கத்தைப் புளூகிலுக்குப் பொருத்துவது தவறான மீனின் உடற்கூற்றை வைத்து முடிவெடுப்பதாகும்.

அப்படியானால் பான்ஃபிஷுக்கு மணமூட்டிய இரையால் பயனே இல்லையா? உண்டு, கணிசமான பயன் உண்டு. அது கிடைக்கும் இடம் வாய்க்குள்.

புளூகில் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. சில பத்து மில்லிநொடிகளில் வாய்க்குழியை விரித்து, முன்னாலிருக்கும் நீரை இரையோடு உள்ளிழுக்கிறது. இந்த இழுப்பு வாயின் அகலத்துக்குச் சமமான தொலைவிலேயே ஏறத்தாழ 5 சதவீதமாகக் குன்றிவிடும் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வெய்ன்ரைட்டின் குழு அளந்து காட்டியது. அதனால் மீன் இரைக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உள்ளே வந்த பொருள் அண்ணத்திலும் தொண்டையிலும் உள்ள சுவைமொட்டுகளைத் தொடுகிறது. இலைத்துணுக்கும் மணலும் கலந்த அடிமண்ணிலிருந்து உணவைப் பிரித்தெடுத்து வாழும் மீனுக்குத் துப்புவது அன்றாட வேலை. பிடிக்காததை உறிஞ்சிய வேகத்திலேயே வெளியே தள்ளிவிடும். தக்கை ஒருமுறை நடுங்கி நின்றுவிட்டால் பெரும்பாலும் அதற்குள் தீர்ப்பு முடிந்திருக்கும்.

இந்தத் தீர்ப்பை அளக்கும் முறையை வளர்த்தவர்களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் கசும்யான் முக்கியமானவர். ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே மென்மை கொண்ட அகர்-அகர் துணுக்குகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து மீனின் முன் போடுவார்கள். மீன் எத்தனை முறை கவ்வியது, எத்தனை நொடி வாயில் வைத்திருந்தது, விழுங்கியதா துப்பியதா என்று குறிப்பார்கள். பல இனங்களில் இப்படிச் சோதித்ததில் தெளிவானது ஒன்று: எல்லா மீனுக்கும் பிடித்த சுவை என்று எதுவும் இல்லை. நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள்கூட ஒரே அமினோ அமிலத்துக்கு எதிரெதிராக நடந்துகொண்டன. ஓர் இனம் ஆவலோடு விழுங்கிய சிட்ரிக் அமிலத்தை இன்னொன்று துப்பியது. ‘எல்லா மீனுக்கும்’ என்று அச்சிட்ட மணப் புட்டிகளை ஐயத்தோடு பார்க்க இதுவே போதும்.

சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த பெருவாய் பாஸ் மீன்களில் வேறொரு வழியில் தடயம் கிடைத்தது. 1997இல் வெளியான மீன்தீவன ஆய்வொன்றில், சோயா மாவில் செய்த தீவனத்தை இளம் பாஸ்கள் விரும்பவில்லை. இனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளைச் சிறிது சேர்த்ததும் உண்ணும் அளவு கூடியது. விலங்குத் தசையில் இயல்பாக உள்ள இந்தப் பொருள்தான் இறைச்சிக்கும் கருவாட்டுக்கும் உரிய ஆழ்ந்த சுவைக்குக் காரணங்களில் ஒன்று. தசையைத் தின்று வாழும் மீன் தசையின் வேதிக்கையொப்பத்தை வாயில் தேடுகிறது.

நல்ல மணமூட்டிய இரை செய்வதெல்லாம் இந்தச் சோதனையில் மீனை ஓரிரு நொடி ஏமாற்றுவதுதான். அந்த ஓரிரு நொடியில் தூண்டில்காரர் இழுப்பை உணர்ந்து கோலைத் தூக்கிவிடலாம். வேகமாக ஓடும் சுழல்தகடு போன்ற இரைகளில் மீன் பாய்ந்து கவ்வும்போதே முள் ஏறிவிடுகிறது; அங்கே சுவைக்கு வேலை குறைவு. மெதுவாக, அல்லது அசையாமல் கிடக்கும் சிறு இரையில்தான் சுவையின் பங்கு பெரிதாகிறது. பான்ஃபிஷ் பிடிப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை.

இரை எதனால் செய்யப்பட்டது என்பதும் இங்கே கணக்கில் வரும். வழக்கமான மென்பிளாஸ்டிக் என்பது பி.வி.சி. பொடியை எண்ணெய் போன்ற இளக்கியில் கலந்து சூடாக்கி வார்ப்பது. அமினோ அமிலமும் உப்பும் நீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. பிளாஸ்டிக்குக்குள் கலந்தால் அவை துகள்களாக உள்ளேயே சிறைப்பட்டுவிடும். மேற்பரப்பில் உள்ளது மட்டும் கசியும். அது கரைந்தபின் இரை வெறும் பிளாஸ்டிக். மேலே தடவும் மண எண்ணெய்களுக்கு எதிர்ச்சிக்கல். அவை நீரில் கரையாமல் படலமாக மிதந்து போய்விடுகின்றன. மீனின் மூக்கும் நாக்கும் எதிர்பார்ப்பது நீரில் கரைந்த பொருளை. சோம்பு எண்ணெயின் மணம் படகில் இருப்பவரின் மூக்கைத் துளைப்பதால் மீனுக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பழைய பழக்கம்.

பெர்க்லி பிற்பாடு கல்ப் என்ற பெயரில் கொண்டுவந்த இரைகள் இந்தச் சிக்கலைப் பொருளை மாற்றித் தீர்த்தன. அவை நீர் கலந்த கூழ்மத்தால் ஆனவை. இரைக்குள்ளிருக்கும் நீர் ஏரி நீரோடு நேரடியாகத் தொடர்புகொள்வதால் சுவைப்பொருள் தொடர்ந்து கசிகிறது. நாளடைவில் இரை மக்கவும் செய்கிறது. குறை என்னவென்றால், முள்ளில் மாட்டியபடி வெயிலில் மறந்துவிட்டால் நீர் வற்றிச் சுருங்கிக் கல்லாக இறுகிவிடும். பிறகு முள்ளிலிருந்து கத்தியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். உயிர் இரையிலும் கசிவு தீர்ந்துபோவது உண்டு. மெழுகுப்புழுவை முள் துளைத்தவுடன் சாறு இறங்கத் தொடங்கும். சற்று நேரத்தில் தோல் மட்டும் வெளிறித் தொங்கும். அனுபவமுள்ளவர்கள் அதை உடனே மாற்றிவிடுகிறார்கள்.

இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இந்தக் கணக்கு மாறும். வசந்தத்தின் இறுதியில் நீர் 20 டிகிரியைத் தாண்டும்போது ஆண் புளூகில்கள் ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணைத் துழாவிக் குழிகள் செய்து, கூட்டமாகக் கூடமைக்கின்றன. முட்டையைக் காக்கும் ஆண் அருகில் வரும் எதையும் தாக்கும். பசிக்காகத் தின்பதில்லை என்பதால் அந்த வாரங்களில் இரையின் சுவையைப் பற்றிய விவாதம் முழுவதும் வீண். வெறும் நூல் கட்டிய முள்ளுக்கும் விழும். கூட்டைக் காக்கும் ஆணைப் பிடித்துவிட்டால் முட்டைகள் மற்ற மீன்களுக்கு இரையாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடுக்குளிர்காலம் இதற்கு நேர் எதிர். மீனின் உடல் குளிர்ந்து செரிமானம் மந்தமாகிறது. இரைக்கு எதிரே நின்று நெடுநேரம் பார்க்கும். மெல்ல உறிஞ்சி உடனே துப்பும். சுவை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் காலம் இதுவே. ஜிக் முள்ளில் மெழுகுப்புழுவோ, அதன் அளவிலான மணமூட்டிய துணுக்கோ இல்லாமல் பனித்துளை அருகே உட்காருபவர் அரிது. முள்ளின் நிறமும் நடுக்கமும் மீனை அருகே கொண்டுவரும். புழு அதை வாயில் நிறுத்திவைக்கும். இருவகை இரைகளும் ஒன்றையொன்று விலக்குவதாகப் பேசப்பட்டாலும் நடைமுறையில் ஒரே முள்ளில் சேர்ந்தே தொங்குகின்றன.

கிராப்பி பெரிய கண்ணும் மெல்லிய பெரிய வாயும் கொண்டது. வளர்ந்தபின் சிறுமீன்களை விரும்பித் தின்னும். அதற்கு அசைவும் உருவமும்தான் முதன்மை. மணமூட்டிய சிறு மாத்திரைகளை ஜிக் முள்ளின் நுனியில் குத்துவது கூடுதல் காப்பு மட்டுமே. ரெட்இயர் தொண்டைப் பற்களால் நத்தையை நொறுக்கித் தின்னும் அடித்தள மீன். தரையில் கிடக்கும் உயிருள்ள மண்புழுவுக்கு ஈடாக அதன் விஷயத்தில் செயற்கை இரை எதுவும் நிலைபெறவில்லை என்றே சொல்லலாம்.

உயிருள்ள சிறுமீனை இரையாக்குவதில் வேதியியல் தொடர்பான சுவையான ஒரு கிளைக்கதை உண்டு. மின்னோவின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கலந்து, அதே இனத்து மீன்களை மிரண்டோடச் செய்கிறது. 1938இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதை விவரித்தார். மற்ற மின்னோக்களை விரட்டும் இந்த அபாயப் பொருள் வேட்டைமீனான பைக்கை ஈர்க்கிறது என்று 1990களில் ஃபேட்ஹெட் மின்னோவில் நடந்த சோதனைகள் காட்டின. முள் குத்திய மின்னோ தன் அசைவோடு இதையும் வெளியிடுகிறது. புட்டியில் அடைத்து விற்கும் மணங்கள் இன்னும் எட்டாத இடம் இது.

மீன் பாடம் கற்றுக்கொள்ளும் என்பதும் உயிர் இரைக்குச் சாதகமாக நிற்கிறது. நெதர்லாந்தின் பியூகேமா 1970இல் வெளியிட்ட பைக் ஆய்வில், சுழல்தகட்டில் ஒருமுறை சிக்கித் தப்பிய மீன்கள் பிறகு அதை வெகுவாகத் தவிர்த்தன. உயிர் இரையில் அப்படி நேரவில்லை. தவிர்ப்பதற்கு உயிர் இரையில் தனி அடையாளம் இல்லை. தினமும் தின்பதைத் தவிர்த்தால் பட்டினிதான்.

கைவாடை பற்றிய அச்சத்துக்கும் ஓர் ஆய்வு மூலம் உண்டு. 1950களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மனிதக் கையையோ கரடியின் பாதத்தையோ கழுவிய நீரை ஆற்றில் விட்டபோது மேலேறிக்கொண்டிருந்த சால்மன் மீன்கள் தயங்கி நின்றன. தோலில் உள்ள எல்-செரின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டார்கள். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு, கைவாடையை மறைக்கும் புட்டிகள் எல்லா மீனுக்கும் விற்கப்படுகின்றன. கரடிக்கு அஞ்சி ஆறேறும் சால்மனின் நடத்தையைக் குளத்துப் புளூகிலுக்கு ஏற்றிச் சொல்ல ஆதாரம் கிடையாது. பூச்சிவிரட்டித் தைலம் பூசிய கையால் இரையைத் தொடாமலிருப்பது வேறு விஷயம். கசப்பைத் துப்பும் மீனின் முன் அது விவேகம்.

மீன் விழுவதைத் தாண்டிய கணக்குகளும் இருக்கின்றன. பனியுகத்தின் பனிப்படலம் மூடியிருந்த மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிக் காடுகளில் இயல்பாக மண்புழு கிடையாது. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்த புழுக்கள் தூண்டில்காரர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போன மிச்சத்தாலும் பரவி, காட்டுத் தரையின் இலைமெத்தையைத் தின்று தீர்க்கின்றன. அந்த மெத்தையில் முளைக்கும் செடிகளும் மேப்பிள் கன்றுகளும் நலிகின்றன. ஒஹாயோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ரஸ்டி நன்னீர் இறால் இரை வாளிகள் வழியாக வடக்கு ஏரிகளில் குடியேறி நீர்த்தாவரங்களை வெட்டிச் சாய்த்தது. புளூகில் ஒளிந்து வாழும் புதர்களே அவைதான். 2005, 2006 ஆண்டுகளில் வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோயால் பேரேரிகளில் மீன்கள் பெருமளவில் மடிந்த பிறகு, இரைமீன்களை நீர்நிலைவிட்டு நீர்நிலை கொண்டுபோவதில் கட்டுப்பாடுகள் இறுகின. இவற்றில் ஒன்றுகூடச் செயற்கை இரைக்குப் பொருந்தாது. அதன் பழி வேறு. 2009இல் வெளியான மெய்ன் மாநில ஆய்வில், தொட்டியில் போட்ட மென்பிளாஸ்டிக் இரைகளைப் பல புரூக் டிரவுட் மீன்கள் தாமாகவே விழுங்கின. அவை செரிக்காமல் வயிற்றில் தங்க, மீன்கள் உணவைக் குறைத்து எடை இழந்தன.

சுவையூட்டிய இரை உயிர் இரையின் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு அதன் கேட்டையும் செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று கொலராடோவிலிருந்து வந்தது. ஷிஸ்லரும் பெர்கர்சனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சி வடிவத் தூண்டிலில் பிடித்து விடப்பட்ட ரெயின்போ டிரவுட்டுகளில் 3.9 சதவீதம் இறந்தன. மணமூட்டிய செயற்கை இரையை அசைத்துப் பிடித்தபோது இறப்பு 21.6 சதவீதம். அதையே அசைக்காமல் கிடத்திப் பிடித்தபோது 32.1 சதவீதம். துப்பாமல் வைத்திருக்கும் மீன் விழுங்கியும் விடுகிறது. முள் உதட்டில் ஏறாமல் செவுளிலோ குடல்வாயிலோ ஏறுகிறது. டிரவுட்டின் எண்களைப் புளூகிலுக்கு அப்படியே மாற்ற முடியாது. ஆனால் தக்கையை வெறித்துப் பார்த்தபடி தாமதமாக இழுப்பவருக்கு வழிமுறை ஒன்றே.

கொலராடோ விதிமுறை இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. செயற்கைத் தூண்டிலுக்கு மட்டும் அனுமதியுள்ள நீர்நிலைகளில், சுவையாலோ மணத்தாலோ மீனைக் கவரும் பிசைபொருளும் மேலே மணம் பூசிய தூண்டிலும் செயற்கைத் தூண்டில் என்ற வரையறைக்குள் வருவதில்லை. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் புழு, சிறுமீன் ஆகியவற்றோடு மணமூட்டிகளும் தடைப்பட்டியலில் இருக்கின்றன. பிளாஸ்டிக்கா உயிரா என்று பாராமல், மீன் எவ்வளவு ஆழமாக விழுங்கும் என்பதை வைத்துச் சட்டம் கோடு போட்டிருக்கிறது.

ஆழமாக விழுங்கிவிட்ட புளூகிலை என்ன செய்வது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2009இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், தொண்டைக்குள்ளிருந்து முள்ளைப் பிடுங்கிய மீன்களில் இறப்பு, தூண்டில் நூலை வாயருகே வெட்டிவிட்ட மீன்களைக் காட்டிலும் பல மடங்கு இருந்தது. வெட்டிவிடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பத்து நாளுக்குள் முள்ளைத் தாமாகவே வெளியேற்றிவிட்டன.